ஏறினதும் இறங்க வேண்டியதுதான்! 2 நிமிட விமானப் பயணம்

பஸ்சில் ஏறி சீட்டு பிடித்து, டிக்கெட் வாங்கி, மீதி சில்லறை வாங்குவதற்குள் 2 நிமிடம் ஓடிவிடும். அந்த நேரத்துக்குள் ஒரு விமானம் கிளம்பி, கடலைத் தாண்டி, அடுத்த ஊரில் இறங்கியே விடுகிறது. கேலி இல்லை, நிஜம்தான்.

ஸ்காட்லாந்துக்கு வடக்கே உள்ளது ஆர்க்னி தீவுக்கூட்டம். அதில் வெஸ்ட்ரே, பாப்பா வெஸ்ட்ரே என்று 2 தீவுகள். (இந்த 'பாப்பா' குழந்தை அல்ல. பழைய நார்ஸ் மொழியில் பாதிரியார்களைக் குறிக்கும் சொல்லாம்.) 2 தீவிலும் குட்டி விமான நிலையம் உண்டு. நடுவில் தூரம் வெறும் 2.7 கிலோ மீட்டர். எடின்பரோ விமான நிலையத்தின் ஓடுபாதை நீளமே கிட்டத்தட்ட இவ்வளவு இருக்கும்!

1967-ம் ஆண்டு முதல் லோகன்ஏர் நிறுவனம் இங்கு விமானம் ஓட்டுகிறது. உலகிலேயே குறைந்த தூர பயணிகள் விமான சேவை இதுதான் என்று கின்னஸ் சாதனையும் உண்டு.

53 வினாடி

விமானத்தின் பெயர் ஐலாண்டர். 8 பேர் போகலாம். பணிப்பெண் கிடையாது, துணை விமானியும் கிடையாது. விமானிக்குப் பக்கத்து சீட்டிலேயே பயணி உட்கார்ந்து கொள்ளலாம்.

மணிக்கு சுமார் 240 கிலோ மீட்டர் வேகம். கணக்குப் போட்டால் 2.7 கிலோ மீட்டருக்கு 40 வினாடி போதும். அப்புறம் ஏன் 2 நிமிடம்? அங்கேதான் விஷயம் இருக்கிறது. விமானம் பொதுவாக காற்றை எதிர்த்துத்தான் கிளம்பும், இறங்கும். காற்று வேறு திசையில் அடித்தால் கிளம்பிய பிறகு ஒரு சுற்று திரும்பி வரவேண்டும். வேகம் கூட்டவும், இறங்கும்போது குறைக்கவும் நேரம் பிடிக்கும். எல்லாம் சாதகமாக அமைந்த ஒரு நாளில், ஸ்டூவர்ட் லிங்லேட்டர் என்ற விமானி 53 வினாடியில் கொண்டுபோய் இறக்கி சாதனை படைத்தார்.

வேடிக்கைக்காகவா?

டூரிஸ்டுகளுக்கு வேண்டுமானால் வேடிக்கை. பயணம் செய்ததற்கு சான்றிதழ்கூட தருகிறார்கள். ஆனால் பாப்பா வெஸ்ட்ரேயில் இருப்பது 100 பேருக்கும் குறைவு. டாக்டர், ஆசிரியர் எல்லாம் வெளியில் இருந்து வரணும். பெரிய ஆஸ்பத்திரி வேண்டுமென்றால் தலைநகர் கிர்க்வாலுக்குத்தான் போகணும். வெஸ்ட்ரேக்கு படகில் 25 நிமிடத்தில் போய்விடலாம், ஆனால் குளிர்காலத்தில் கடல் கொந்தளித்தால் படகை நம்ப முடியாது. டிக்கெட் காசில் மட்டும் இந்த சேவையை ஓட்ட முடியாது என்பதால் அரசு மானியம் கொடுக்கிறது. 90 பேருக்காக விமானமா என்று கேட்கலாம். அந்த 90 பேரில் ஒருவருக்கு நெஞ்சுவலி வந்தால்தான் அதன் அருமை தெரியும்.

அங்கே போகிறவர்கள் பார்க்க இன்னொன்றும் இருக்கிறது. நாப் ஆஃப் ஹோவர் என்ற கல் வீடு. 5 ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழசு, எகிப்து பிரமிடுகளுக்கும் மூத்தது.

டிக்கெட் எடுக்கும்போது மட்டும் ஜாக்கிரதை. கிர்க்வாலில் இருந்து சில விமானங்கள் நேராக பாப்பா வெஸ்ட்ரே போய்விடும். வெஸ்ட்ரே வழியாக போகும் விமானத்தில் ஏறினால்தான் அந்த 2 நிமிடம் கிடைக்கும்.