வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையா? பெட்ரோல் எங்கே நிற்கிறது என்று நீங்களே பார்க்கலாம்

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு பக்கத்துக் கிராமங்களில் பல வீடுகளில் ஒரே வண்டிக்கு இரண்டு வேலை. விடியற்காலையில் பால் கேனோடு சொசைட்டிக்குப் போக வேண்டும். திரும்பி வந்ததும் வீட்டில் ஒருவரை ஷூ கம்பெனி ஷிப்டுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். அந்த நேரத்தில் வண்டி மக்கர் செய்தால் பாலும் போச்சு, அன்றைய சம்பளத்திலும் வெட்டு. மெக்கானிக் கடை அப்போது திறந்திருக்காது. ஆனால் கோளாறு பெட்ரோல் வரும் வழியில்தான் என்றால், ஒரு பிளக் ஸ்பேனரும் கண்ணாடி பாட்டிலும் இருந்தால் போதும். எங்கே அடைப்பு என்பதை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

கீழே சொல்வது கார்ப்பரேட்டர் உள்ள வண்டிகளுக்கு. 2020 ஏப்ரலுக்குப் பிறகு வந்த பி.எஸ்.6 வண்டி என்றால் கடைசிப் பகுதிக்குப் போய்விடுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். இருட்டில் டேங்குக்குள் பார்க்கத் தீக்குச்சி கிழிக்கக் கூடாது. பீடி, சிகரெட் வேண்டாம். இன்ஜின் ஆறியபின், மாட்டுக் கொட்டகைக்கும் வைக்கோல் போருக்கும் தள்ளி வெளியே வைத்துப் பாருங்கள். டியூபில் வாய் வைத்துப் பெட்ரோலை உறிஞ்சவே கூடாது.

பிளக் சொல்லும் சேதி

முதலில் ஆஃப் சுவிட்ச், ரிசர்வ் இரண்டையும் பார்த்துவிடுங்கள். சிரிக்காதீர்கள், பாதி நேரம் கோளாறு இங்கேதான். பிறகு சோக் போட்டுப் பத்து முறை உதைத்துவிட்டு பிளக்கைக் கழற்றுங்கள். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஈரமாகப் பெட்ரோல் வாசனை அடித்தால் பெட்ரோல் வந்துவிட்டது. ஒன்று கரண்ட் வரவில்லை, அல்லது பெட்ரோல் அளவுக்கு மீறி வந்து அடைத்துக்கொண்டது. இது தெரியாமல் கிக்கரையே உதைத்துக்கொண்டிருந்தால் கால்தான் வலிக்கும்.

பிளக் காய்ந்திருந்தால்

கார்ப்பரேட்டரில் சேரும் இடத்தில் டியூபைக் கழற்றி, முனையைப் பாட்டிலுக்குள் விட்டு, பெட்ரோல் காக்கைத் திறங்கள். பெட்ரோல் தடையில்லாமல் ஒழுக வேண்டும். சொட்டுச் சொட்டாக வந்து நின்றால் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். திறந்ததும் ஒழுக்கு வேகம் பிடித்தால், மூடியில் உள்ள காற்றுத் துளை அடைத்திருக்கிறது. காற்று உள்ளே போகாமல் பெட்ரோல் கீழே இறங்காது. தவிட்டுத் தூசி, களத்துமேட்டுப் புழுதி, சில சமயம் குளவி வைத்த மண் எல்லாம் இந்தச் சின்னத் துளையை மூடிவிடும். கொஞ்ச தூரம் ஓடி நிற்பது, சிறிது நேரம் விட்டால் மறுபடி ஓடுவது இதன் அடையாளம். துளையைச் சுத்தம் செய்தால் தீர்ந்தது.

மூடியைத் திறந்தும் வரவில்லை என்றால் காக்கின் உள்ளே இருக்கும் வலையில் துரு, கசடு சேர்ந்திருக்கும். டியூபையும் ஒருமுறை தடவிப் பாருங்கள். கொட்டகையில் நிற்கும் வண்டியில் எலி கடித்திருப்பது புதிதல்ல. சில வண்டிகளில் இன்ஜின் சுற்றினால் மட்டும் பெட்ரோல் விடும் காக் இருக்கும். அதில் உதைக்கும்போதுதான் ஒழுகும்.

பாட்டிலில் பிடித்ததைக் கொட்டிவிடாதீர்கள். பத்து நிமிடம் ஆடாமல் வைத்துப் பாருங்கள். இப்போது பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் கலக்கப்படுகிறது. எத்தனால் தண்ணீரை இழுக்கும். கொஞ்சம் தண்ணீர் என்றால் பெட்ரோலோடு கலந்தே போய்விடும். மழையில் மூடி வழியாகவோ, பெட்டிக்கடை பாட்டில் பெட்ரோலிலிருந்தோ அளவுக்கு மேல் இறங்கிவிட்டால், எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து பிரிந்து அடியில் தங்கும். பாட்டிலில் கோடு போட்டதுபோல இரண்டு அடுக்கு தெரியும். டேங்கிலும் அதே கதைதான். கார்ப்பரேட்டருக்கு முதலில் போவது அந்த அடி அடுக்கு. மேலே புதுப் பெட்ரோல் ஊற்றினால் சரியாகாது. டேங்கை முழுக்க வடித்து, கார்ப்பரேட்டர் கிண்ணத்தையும் காலி செய்ய வேண்டும்.

வடித்ததை வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ ஊற்றாதீர்கள். தோல் கழிவால் பாலாற்றங்கரைத் தண்ணீர் பட்ட பாடு உச்ச நீதிமன்றம் வரை போய் 1996-ல் தீர்ப்பு வந்தது. நம் பங்குக்கு நாமும் கெடுக்க வேண்டாம். மூடி போட்ட தகர டப்பாவில் பிடித்து மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

டியூப் வரை பெட்ரோல் நன்றாக வந்தும் பிளக் காய்ந்திருந்தால் கோளாறு கார்ப்பரேட்டருக்குள். பல வாரம் ஓட்டாமல் வைத்த வண்டியில் பெட்ரோல் ஆவியாகிப் பிசின்போலக் கசடு தங்கும். ஆயில் கலந்து ஊற்றும் பழைய டூ ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். வண்டிகளில் இது இன்னும் அதிகம். சோக் போட்டால் ஓடி, சோக் எடுத்தால் அணைகிறதா? ஸ்லோ ஜெட்டைச் சந்தேகப்படுங்கள். கிண்ணத்தின் அடியில் உள்ள ஸ்க்ரூவைத் திறந்து பழைய பெட்ரோலை வடித்துவிட்டு ஒருமுறை உதைத்துப் பாருங்கள். அப்படியும் ஆகாவிட்டால் ஜெட்டைக் கழற்றி காற்று அடிக்க வேண்டும். ஊசி, கம்பி விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, பிறகு வண்டி பெட்ரோலைக் குடிக்கும்.

பிளக் நனைந்திருந்தால்

கார்ப்பரேட்டரிலிருந்து வெளியே பெட்ரோல் வழிகிறது என்றால் ஃப்ளோட் ஊசியில் தூசி மாட்டியிருக்கலாம். காக்கை மூடி, ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் கிண்ணத்தில் லேசாகத் தட்டுங்கள். பிளக்கைக் கழற்றித் துடைத்து வெயிலில் காயவைத்து, திரும்ப மாட்டி, சோக் இல்லாமல் ஆக்சிலரேட்டரை முழுதும் திருகிப் பிடித்து உதையுங்கள். கரண்ட் வருகிறதா என்று பார்ப்பதானால், சிந்திய பெட்ரோல் காய்ந்த பிறகு பாருங்கள்.

பி.எஸ்.6 வண்டிக்கு

இவற்றில் பெரும்பாலும் கார்ப்பரேட்டர் கிடையாது. டி.வி.எஸ். எக்ஸ்.எல். 100-ம் பி.எஸ்.6-ல் ஃபியூவல் இன்ஜெக்ஷனுக்கு மாறிவிட்டது. சாவி போட்டதும் பம்ப் ஓரிரு நொடி 'ம்ம்' என்று சத்தம் கொடுக்கும். சத்தம் இல்லையென்றால் ஆஃப் சுவிட்ச், ஃபியூஸ், பேட்டரி மூன்றையும் பாருங்கள். பேட்டரி முற்றிலும் இறங்கியிருந்தால் பம்ப் ஓடாது, உதைத்தாலும் பலன் இருக்காது. டியூபை மட்டும் நீங்களே பிடுங்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் பெட்ரோல் முகத்தில் பீய்ச்சும். டேங்கை அடிக்கடி வறண்டுபோக விடுவதும் கூடாது. அந்தப் பம்பைக் குளிர வைப்பதே பெட்ரோல்தான், பம்ப் போனால் செலவு கையைக் கடிக்கும்.