மஞ்சள் மார்க்காவுக்கு வலைப்பக்கத் தொடர்பாளர் அமர்த்துதல்

மஞ்சளை மண்டியிலோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்திலோ போட்டுப் பணம் பெற்றுக்கொண்டு ஊர் திரும்பும் வரையில், அச்சரக்கு எந்தச் சமையலறைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை விவசாயி அறியவேண்டிய அவசியம் இருந்ததில்லை. விவசாயிகள் உற்பத்தியாளர் கம்பெனியாகச் சேர்ந்து, விரலியை அரைத்துப் பொடியாக்கிச் சொந்த மார்க்காவில் கால் கிலோ, அரைக் கிலோப் பொட்டலங்களாக விற்கத் தலைப்பட்டபின் இந்நிலைமை மாறிவிட்டது. வாங்கும் குடும்பத்தார் சென்னையிலோ கோயமுத்தூரிலோ இருந்துகொண்டு, ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸப் ஆகியவற்றின் வழியாக நேரே கம்பெனியையே கேட்கின்றனர். பகிரங்கமான பக்கத்தில் எழுதிய கேள்விக்கு விடை வராவிட்டால், கேட்டவர் மட்டுமன்றி அப்பக்கத்தைப் பார்க்கும் யாவரும் அதை அறிந்துகொள்கின்றனர்.

கம்பெனிச் சட்டப்படி உற்பத்தியாளர் கம்பெனிக்கு முழுநேரத் தலைமை நிர்வாகி ஒருவர் இருந்தாக வேண்டும். ஆயினும் எடை பார்த்தல், உரம் வழங்குதல், லாரி ஏற்றுதல் ஆகியவற்றிலேயே அவருடைய பொழுது கழிந்துவிடுவதால், மேற்படி கேள்விகளுக்கு விடையளிக்க வெளியாள் ஒருவரைப் பகுதிநேரத்துக்கு ஒப்பந்தம் செய்துகொள்வது பல இடங்களில் வழக்கமாகி வருகிறது. இவரை நகரங்களில் 'கம்யூனிட்டி மானேஜர்' என்பர். இக்கட்டுரையில் அவர் 'தொடர்பாளர்' எனப்படுவார்.

வேலையின் தன்மை:— தொடர்பாளரையும் விளம்பரம் தயாரிப்பவரையும் ஒருவராகவே எண்ணுவதுதான் இவ்விஷயத்தில் பெரும்பாலும் நேரும் பிழை. அழகிய படம் போடுபவர் வேறு. வாடிக்கைக்காரருடன் பேசி அவரை நிலைநிறுத்துபவர் வேறு. 'பொடி ஏன் கடைப்பொடியைப் போலப் பளிச்சென்று இல்லை?' என்று ஒருவர் கேட்பார். 'பொட்டலத்தில் வண்டு இருக்கிறது' என்று இன்னொருவர் படத்துடன் எழுதுவார். முன்னவருக்கு, நிறத்துக்காக எதுவும் சேர்க்கப்படவில்லை என்பதையும், மஞ்சளில் காரீயம் கலந்த சாயம் சேர்ப்பது உடலுக்குத் தீங்கு என்பதையும் பொறுமையுடன் விளக்க வேண்டும். பின்னவரிடம் வாதம் செய்யாமல், பொட்டலத்தின் தொகுதி எண்ணையும் தேதியையும் கேட்டு, மாற்றுப் பொட்டலம் அனுப்ப ஏற்பாடு செய்து, அதே தொகுதியில் மீதியுள்ள சரக்கைப் பார்க்கும்படி கிடங்குக்குச் சொல்ல வேண்டும். இந்த இரண்டாம் வேலையைச் செய்யாத தொடர்பாளர், எவ்வளவு இனிமையாக எழுதினாலும் கம்பெனிக்குப் பயன்படமாட்டார்.

ஆகையால் அவருக்கு உள்ளிருந்து விடை சொல்ல ஒருவர் வேண்டும். டைரக்டர்களிலோ சிப்பந்திகளிலோ ஒருவரைக் குறித்து, தொடர்பாளர் கேட்டதற்கு அன்று மாலைக்குள் தகவல் தருவது அவர் கடமை என்று தீர்மானம் எழுதுதல் நலம். ஐந்நூறு ரூபாய் வரையிலான மாற்றுச் சரக்கை டைரக்டர் கூட்டத்தைக் கேட்காமலே அனுப்பும் அதிகாரத்தையும் அவருக்குக் கொடுத்துவிடலாம். இருநூறு ரூபாய்ப் பொடிக்காக மாதக்கூட்டம் வரையில் காத்திருப்பதை எந்த வாடிக்கைக்காரரும் பொறுக்கமாட்டார்.

ஆளைத் தெரிந்தெடுத்தல்:— பட்டமும் சான்றிதழும் மட்டும் போதா. வந்திருக்கும் உண்மையான கேள்விகளில் மூன்றை, பெயர்களை நீக்கிக் கொடுத்து, விடை எழுதும்படி கேட்க வேண்டும். இச்சோதனைக்கும் சிறு கூலி கொடுப்பது நியாயம். அவற்றில் ஒன்று புகாராகவும், ஒன்று தொடர்பாளருக்கு விடை தெரிய இடமில்லாத விஷயமாகவும் இருக்கட்டும். தெரியாததைக் 'கேட்டுச் சொல்கிறேன்' என்று எழுதுபவரே தக்கவர். தமிழை ஆங்கில எழுத்தில் எழுதும் வாடிக்கைக்காரர்கள் மிகுதியாதலால், அதைத் தடையின்றி வாசிக்கவும் அவருக்குத் தெரிய வேண்டும். கம்பெனி அங்கத்தினரின் மகன் அல்லது மருமகள் என்னும் காரணத்தால் ஒருவரை அமர்த்துவதும் உண்டு. திறமையிருந்தால் அதில் குற்றமில்லை. ஆனால் வேலை சரியில்லாதபோது நிறுத்துவதற்கு மனம் வருமா என்பதை முன்கூட்டியே யோசிப்பது நலம். 'மாதத்துக்குப் பத்தாயிரம் பேரைச் சேர்த்துத் தருகிறேன்' என்று வாக்களிப்பவரை ஏற்க வேண்டாம். விலைக்கு வாங்கிய பொய்ப்பெயர்கள் பொடி வாங்குவதில்லை.

கூலி:— தினம் இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள் என்றால் 52 மணி நேர வேலையாகிறது. இதைக் கொண்டு கூலியைப் பேச வேண்டும். மாதம் ரூ. 9,000 என்று பேசி, செலவு போக ஒரு கிலோவில் ரூ. 60 நிற்கிறதென்று வைத்துக்கொண்டால், கூலியை ஈடுசெய்ய மாதம் 150 கிலோ அதிகமாக விற்க வேண்டும். மொத்த விற்பனையே 200 கிலோவாக உள்ள கம்பெனி தொடர்பாளரை அமர்த்தாமல், தலைமை நிர்வாகியே காலையும் மாலையும் அரைமணி ஒதுக்கிப் பதில் எழுதுவது உத்தமம். கூலியைப் பாங்கி மூலமாகவே பில் பெற்றுக்கொண்டு கொடுக்க வேண்டும். வருமானவரி பிடித்தம் உண்டா என்பதை ஆடிட்டர் சொல்வார்.

சாவி யார் கையில்:— எல்லாவற்றிலும் முக்கியமானது இதுவே. கிடங்கின் சாவியைக் கூலியாளிடம் கொடுத்துவிட்டு ஊர் போகாத விவசாயிகள், மார்க்காவின் பக்கங்களைத் தொடங்கும்போது மட்டும், 'உன் போனிலேயே போட்டுக்கொள், தம்பி' என்று சொல்லிவிடுகின்றனர். அவர் விலகும் நாளில் பக்கமும், வாடிக்கைக்காரர் விலாசங்களும், பல வருஷங்களாக ஏற்பட்ட நற்பெயரும் அவருடனேயே போகக்கூடும். வாட்ஸப் கணக்கு போன் எண்ணைப் பொறுத்தது; எண்ணுக்குரிய சிம் எவரிடமோ, சரிபார்ப்பு இலக்கமும் அவருக்கே வரும். ஆதலால் சிம் கம்பெனியின் பெயரில் வாங்கப்பட்டு ஆபீசிலேயே இருக்க வேண்டும். தொடர்பாளர் தம் கருவியை அதனுடன் இணைத்துக்கொண்டு வேலை செய்யலாம். ஃபேஸ்புக் பக்கத்தில் முழு அதிகாரம் வேறு, குறிப்பிட்ட வேலைகளுக்கு மட்டுமான அனுமதி வேறு. முழு அதிகாரத்தை டைரக்டர்கள் இருவர் வைத்துக்கொண்டு, தொடர்பாளருக்குப் பதில் எழுதவும் படம் போடவும் மட்டும் அனுமதி தரலாம். யூடியூப் கணக்கிலும் இவ்விதமே அதிகாரத்தைப் பிரித்துக் கொடுக்க வழியுண்டு. ரகசியச் சொல்லை எவருக்கும் சொல்லவேண்டிய தேவையே இராது. சரக்கின் கிரயம் கம்பெனியின் பாங்கிக் கணக்குக்கு நேரே வர வேண்டுமேயன்றி, தொடர்பாளரின் கணக்குக்கு ஒரு நாளும் வரலாகாது.

எழுதிய வாசகங்களும் வரைந்த சித்திரங்களும் யாருக்குச் சொந்தம் என்பதையும் கவனிக்க வேண்டும். 1957-ஆம் வருஷத்துக் காபிரைட் சட்டப்படி, சம்பளச் சிப்பந்தி வேலையின்பொருட்டு எழுதியது வேறு ஒப்பந்தம் இல்லாவிடில் எஜமானரைச் சேரும். ஒப்பந்தக்காரர் எழுதியதோ, எழுத்து மூலமாக மாற்றிக் கொடுத்தாலன்றிப் பெரும்பாலும் அவருக்கே உரியது. அம்மாற்றுப் பத்திரத்தில் கால அளவு குறிப்பிடப்படாவிட்டால் ஐந்து வருஷம் என்றே கொள்ளப்படும். எனவே காலத்தைத் தெளிவாக எழுதிக்கொள்வது அவசியம். மூன்று மாதப் பரீட்சைக் காலம், முப்பது நாள் முன்னறிவிப்பு, வாடிக்கைக்காரர் விலாசங்களைப் பிறருக்குக் கொடாமை, ஒப்பந்தம் நீடிக்கும்வரை வேறு மஞ்சள் மார்க்காவுக்கு வேலை செய்யாமை ஆகியவற்றையும் அதே பத்திரத்தில் சேர்க்கலாம்.

எழுதத் தகாதவை:— மஞ்சளைப் பற்றி உற்சாகமாக எழுதும்போது அது புற்றுநோயைத் தீர்க்கும், நீரிழிவை ஒழிக்கும் என்று எழுதிவிடுவது எளிது. இவ்வியாதிகளைத் தீர்ப்பதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954-ஆம் வருஷத்துச் சட்டம் தடுக்கிறது. உணவுப் பொருளுக்கும் அத்தகைய உரிமை கோர 2018-ஆம் வருஷத்து உணவு விளம்பர விதிகள் இடந்தருவதில்லை. 2019-ஆம் வருஷத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான எண்ணத்தை உண்டாக்கும் விளம்பரத்துக்குச் சரக்கு தயாரிப்பவர் மீது ரூ. 10 லட்சம் வரை அபராதம் விதிக்கலாம். 'எழுதியவர் வெளியாள்' என்பது சமாதானமாகாது. தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம் அல்லது பி.ஜி.எஸ். இந்தியா முறைப்படி சான்று பெறாத சரக்கை 'ஆர்கானிக்' என்று எழுத அனுமதிக்கலாகாது. 'ஈரோடு மஞ்சள்' என்னும் பெயர் 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. அக்குறியீட்டைப் போட்டு விற்க விரும்புவோர் அங்கீகரிக்கப்பட்ட உபயோகிப்பாளராகப் பதிந்துகொள்ள வேண்டும். கிராம அதிகாரிகளும் இலாகா உத்தியோகஸ்தர்களும் கிடங்கைப் பார்வையிட வரும்போது எடுத்த படத்தை, அவர்கள் சரக்குக்கு நற்சாட்சி சொல்வதுபோல் போடுவதையும் தடுக்க வேண்டும். அதிகாரிகளே இதை முன்கூட்டி எச்சரித்துவிடுதல் நல்லது.

மேற்பார்வை:— மாதந்தோறும் பார்க்கவேண்டியவை மூன்று: வந்த கேள்விகளில் அன்றே விடை பெற்றவை எத்தனை, தீராத புகார்கள் எத்தனை, இரண்டாம் முறை வாங்கியவர்கள் எத்தனை பேர். விருப்பக்குறிகளின் எண்ணிக்கையைக் கூட்டத்தில் வாசித்து மகிழ்வதால் கெடுதல் இல்லை. அதைக் கொண்டு கூலியை உயர்த்த வேண்டுவதும் இல்லை.

மஞ்சள் வெட்டு தை மாதத்தில் தொடங்கி, வேகவைத்து, உலர்த்தி, மெருகேற்றிப் புதுப்பொடி பொட்டலமாக வெளிவர மாசி, பங்குனி ஆகிவிடும். கார்த்திகையிலேயே ஆளைத் தேடி, மார்கழியில் ஒப்பந்தம் எழுதிக்கொண்டால், பழைய பொடி கையிருப்பில் உள்ளபோதே பரீட்சைக் காலம் நடந்துவரும். வேவுக் கொப்பரையையும் உலர்களத்தையும் தொடர்பாளர் ஒரு முறையாவது நேரில் வந்து பார்ப்பதற்கும் அதுவே ஏற்ற பருவம்.