மலையடிவாரத்தில் வண்டி நிறுத்தும் முன்

ஆடிக் கிருத்திகை வந்தால் திருத்தணிக்குத் தமிழகத்திலிருந்து மட்டுமல்ல, நகரி, புத்தூர், சித்தூர் பக்கமிருந்தும் காவடிகள் வரும். 365 படிகளில் ஏறுவோர் ஒருபுறம், மலைப்பாதையில் வண்டியில் போவோர் மறுபுறம். பூக்கடை வாசலில் ஒரே ஒரு கார் குறுக்கே நின்றால் போதும். பின்னால் வரும் பேருந்து திரும்ப முடியாது, காவடி எடுத்தவர் வெறுங்காலோடு நடுரோட்டில் இறங்க வேண்டியதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகளின்படி, நடைபாதையிலோ, பேருந்து நிறுத்தம், பள்ளி, மருத்துவமனை வாசல் அருகிலோ, சாலைச் சந்திப்பிலிருந்து 50 மீட்டருக்குள்ளோ வண்டி நிறுத்தக் கூடாது. ஏற்கெனவே நிற்கும் வண்டிக்குப் பக்கத்தில் இரண்டாவது வரிசையாக நிறுத்துவதும் தவறு. தமிழ்நாட்டில் 2022 அக்டோபர் முதல் இதற்கு அபராதம் முதல் முறை 500 ரூபாய், அடுத்த முறை 1,500 ரூபாய். தடை செய்த இடத்தில் நின்றால் போலீசார் இழுத்துச் செல்லலாம். அந்தச் செலவும் வண்டிக்காரர் தலையில்தான்.

மலைச்சரிவில் நிறுத்துவோர் இன்ஜினை அணைத்து, ஹேண்ட் பிரேக்கைப் போட்டுவிட்டே இறங்குங்கள். விழா நாளில் வண்டியை ஊருக்கு வெளியிலேயே விட்டுவிட்டு நடந்து வருவது எல்லோருக்கும் நல்லது.