கண்ணைக் காட்டினால் காசு

தரவு யாருடைய சொத்து? – 9

2023 ஜூலை கடைசி வாரம். நைரோபியில் கென்யாட்டா சர்வதேச மாநாட்டு மையத்தின் வாசலில் ஆயிரக்கணக்கானோர் வரிசை கட்டி நின்றார்கள். உள்ளே வெள்ளி நிறத்தில் பந்து போன்ற ஒரு கருவி. அதன் முன்னால் கண்ணைக் காட்டினால் கருவிழி பதிவாகும். கைபேசிக்கு 25 வேர்ல்ட்காயின் டோக்கன்கள் வந்து சேரும். அன்றைய விலையில் சுமார் 7,000 கென்ய ஷில்லிங். வேலை தேடி அலையும் இளைஞர்களுக்கு அந்தத் தொகையை விட மனம் வருமா? கைபேசியில் பணம் வருவதும் அவர்களுக்குப் புதிதில்லை. 2007-லேயே எம்-பெசா என்ற கைபேசிப் பணச் சேவையைத் தொடங்கிய நாடு அது.

ஓபன்ஏஐயின் சாம் ஆல்ட்மேன் மற்றவர்களோடு சேர்ந்து தொடங்கிய திட்டம் வேர்ல்ட்காயின். செயற்கை நுண்ணறிவு பெருகும் காலத்தில், இணையத்தில் எதிரே இருப்பவர் மனிதர்தானா என்று உறுதிப்படுத்த ஒரு வழி தேவை. அது எந்த அரசின் பிடியிலும் இல்லாத, பரவலாக்கப்பட்ட அமைப்பாக இருக்க வேண்டும் என்றார்கள். பெயர் வேண்டாம், முகவரி வேண்டாம், கருவிழியிலிருந்து உருவாகும் ஓர் எண்கோவை போதும். சேமித்துவைக்கச் சம்மதம் தராதவர்களின் படம் அழிக்கப்படும் என்றும் உறுதியளித்தார்கள்.

கென்யாவின் தரவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் அந்த ஆண்டு மே மாதமே பதிவை நிறுத்தச் சொல்லியிருந்தது. ஆனாலும் வரிசைகள் நீண்டன. ஆகஸ்ட் 2-ம் தேதி அரசு தலையிட்டுத் தடை விதித்தது. அதற்குள் 3.5 லட்சத்துக்கும் அதிகமான கென்யர்களின் கருவிழிகள் பதிவாகிவிட்டன. அதே நாட்களில் அமெரிக்காவில் வசிப்பவர்களுக்கு வேர்ல்ட்காயின் டோக்கன் வழங்கவில்லை. அங்கே கிரிப்டோ சட்டங்கள் குறித்த தயக்கமே காரணம். வல்லரசின் சட்டத்துக்குக் காட்டிய அந்த எச்சரிக்கை, நைரோபியின் சட்டத்துக்குக் கிடைக்கவில்லை.

பிறகு 2024-ல் வேர்ல்ட்காயின் புதிய தொழில்நுட்பம் ஒன்றை அறிவித்தது. எண்கோவையைத் துண்டுகளாக்கி வெவ்வேறு இடங்களில் வைப்பார்கள். ஒரு துண்டை வைத்து யாரும் எதையும் அறிய முடியாது. முழுக் கோவையை ஒருமுறைகூடச் சேர்க்காமலேயே, இந்தக் கண் ஏற்கெனவே பதிவானதா என்று கணக்கிட்டுச் சொல்லிவிடலாம். வங்கி லாக்கருக்கு இரண்டு சாவி இருப்பதைப் போன்ற ஏற்பாடு. இது நல்ல கணிதம், பாராட்டத் தக்கது. ஆனால் இந்தக் காவல் தொடங்குவது பொருள் லாக்கருக்குள் போன பிறகு. அது எப்படி வாங்கப்பட்டது, கொடுத்தவருக்கு மறுக்கும் நிலை இருந்ததா என்ற கேள்விகள் அப்படியே நிற்கின்றன. கடவுச்சொல் களவுபோனால் மாற்றிக்கொள்ளலாம். கருவிழியை மாற்ற முடியாது.

அரசுக்கும் அதே சட்டம்

அந்நிய நிறுவனத்திடமிருந்து தரவை மீட்டு அரசின் கையில் கொடுத்துவிட்டால் டிஜிட்டல் இறையாண்மை கிடைத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். கென்யர்கள் அப்படி நம்பத் தயாராக இல்லை. அதற்கு அவர்களுடைய அனுபவமே காரணம்.

2019-ல் கென்ய அரசு ‘ஹுடுமா நம்பா’ என்ற தேசிய அடையாளப் பதிவைத் தொடங்கியது. மரபணு விவரத்தையும் வசிப்பிடத்தின் ஜிபிஎஸ் குறிப்பையும்கூடச் சேகரிக்கச் சட்டம் இடம் தந்தது. அடையாள அட்டை பெறுவதற்கே தலைமுறைகளாக விசாரணைகளைக் கடந்துவந்த நூபியர் சமூகத்தின் உரிமை அமைப்பு நீதிமன்றம் போனது. அந்த வழக்கில் நம் ஆதார் தீர்ப்பும் அலசப்பட்டது. மரபணு, ஜிபிஎஸ் சேகரிப்பு செல்லாது என்று 2020 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அறிவித்தது. உரிய சட்டக் கட்டமைப்பு இல்லாமல் திட்டம் தொடரக் கூடாது என்றும் சொன்னது.

அதன் பிறகு அரசு அந்தத் திட்டத்தின் அட்டைகளை அச்சடிக்கத் தொடங்கியது. இம்முறை காத்திபா இன்ஸ்டிடியூட் என்ற அமைப்பு வழக்குத் தொடுத்தது. ஆபத்து மிகுந்த தரவைத் தொடுவதற்கு முன், அதனால் மக்களுக்கு என்ன தீங்கு நேரலாம் என்று ஆய்ந்து எழுதிவைக்க வேண்டும் என்கிறது 2019-ம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அந்த ஆய்வு எங்கே என்று கேட்டார்கள். சேகரிப்பு நடந்தபோது இந்தச் சட்டமே இல்லையே என்றது அரசு. அந்தரங்க உரிமை 2010 அரசியலமைப்பிலேயே இருக்கிறது என்று சொல்லி, 2021 அக்டோபரில் நீதிமன்றம் அட்டை வழங்கலைச் செல்லாததாக்கியது.

அதே காத்திபா, அதே கேள்வியோடு வேர்ல்ட்காயின் மீதும் வழக்குப் போட்டது. 2025 மே 5 அன்று நீதிபதி ரோஸலின் அபுரிலி தீர்ப்பளித்தார். முறையான முன் ஆய்வு நடக்கவில்லை; டோக்கன் ஆசை காட்டிப் பெற்ற சம்மதம் செல்லாது; சேகரித்த பயோமெட்ரிக் தரவை ஆணையரின் மேற்பார்வையில் 7 நாட்களுக்குள் அழிக்க வேண்டும்.

சொந்த அரசானாலும் சிலிக்கான் பள்ளத்தாக்கானாலும் கென்ய நீதிமன்றம் கேட்டது ஒரே கேள்வியைத்தான். வளரும் நாடுகளுக்கு இறையாண்மை என்றால் இதுதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். சர்வர் எந்த மண்ணில் இருக்கிறது, மென்பொருள் பரவலாக்கப்பட்டதா என்பவை அடுத்த கேள்விகள். தன் உடலின் தரவைக் கொடுக்க மறுக்கவும், கொடுத்ததை அழிக்கச் சொல்லவும் ஓர் ஏழைக் குடிமகளால் முடிய வேண்டும். அவளுக்காக வாதாட ஓர் அமைப்பும், அரசையே எதிர்த்துத் தீர்ப்பெழுதும் நீதிமன்றமும் வேண்டும். கணிதம் அதற்குத் துணை நிற்கட்டும்.

சட்டம் காக்கும், சரி. கட்டமைப்பையே மக்கள் தங்கள் கையில் எடுத்துக்கொண்டால்? பெரிய நிறுவனங்கள் எட்டிப்பார்க்காத மெக்சிகோவின் ஓஹாகா மலைக் கிராமங்கள், தங்களுக்கென்று சொந்தமாக செல்போன் சேவை தொடங்கிய கதையை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)