உண்ணத்தகும் உறை

கரையேறிய மீன் விரைவிற் கெடும். தூத்துக்குடி மீன் கயத்தாறு போன்ற உள்நாட்டு ஊர்களை அடையுமுன் காற்றும் நுண்ணுயிர்களும் அதனைத் தாக்கத் தொடங்குகின்றன. உப்பிட்டு உலர்த்துதல் நம்மவர் கண்ட பழைய வழி; ஆயின் கருவாட்டிற் பச்சைமீனின் சுவை இராது. 1977-ஆம் ஆண்டு தூத்துக்குடியில் நிறுவப்பட்ட மீன்வளக் கல்லூரியில் மீனைக் கெடாமற் காக்கும் முறைகள் பாடமாகவே கற்பிக்கப்படுகின்றன.

இன்று அறிவியலார் ஆராயும் புதுவழி உண்ணத்தகும் உறையாகும். அதற்குரிய பொருள் மன்னார் வளைகுடாவிலேயே விளைகிறது. அங்குப் பெண்கள் மூழ்கிப் பறிக்கும் கஞ்சிப்பாசியைக் கொதிக்கவைத்து வடித்தால் ‘அகர்’ என்னும் கூழ் கிடைக்கும். நோன்புக் காலத்தில் இல்லங்களில் ஆக்கும் கடற்பாசி இனிப்புக்கு உரியதும் இதுவே. இதனுடன் கிளிசரினும் கிராம்புச் சாறும் சிறிது கலந்து, தட்டில் மெல்லியதாக ஊற்றி உலர்த்தினால், கண்ணாடித்தாள் போன்ற படலம் உரிந்து வரும். கிளிசரின் இல்லையேல் அஃது அப்பளம்போல் நொறுங்கும். படலம் காற்றைத் தடுக்கும்; கிராம்பிலுள்ள யூஜினால் நுண்ணுயிரின் மேற்சவ்வைச் சிதைக்கும். சமைக்கும்போது உறையை உரிக்கவும் வேண்டா.

குறைகளும் உள. ஈரம் மிகின் உறை இளகும். குளிரில் வைத்த மீனுக்குச் சில நாள் கூட்டித் தருமேயன்றி, குளிர்ப்பெட்டிக்கு அஃது ஈடாகாது. கிராம்பின் அளவு சற்றே மிகினும் மீன்குழம்பு மருந்துக்கடை மணம் வீசும்.