நின்றால் நஷ்டம்

சென்னை உள்நாட்டு முனையத்தில் கண்ணாடியோரமாக ஒரு நாற்காலி கிடைத்துவிட்டால், கைப்பையில் இருக்கும் புத்தகத்தை நான் வெளியே எடுப்பதில்லை. எதிரே நடப்பதைப் பார்க்கவே பொழுது சரியாகப் போய்விடும். விமானம் ஊர்ந்து வந்து கோட்டில் நிற்கிறது. என்ஜின் அடங்குகிறது. ஒருவர் குனிந்து சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்கிறார். மேட்டில் நிறுத்திய லாரிக்கு டயரடியில் கல் வைப்பார்களே, அதே வேலைதான். ஆனால் இந்தக் கட்டை வைத்ததும் ஒரு கடிகாரம் ஓட ஆரம்பித்துவிடுகிறது.

குறைந்த கட்டண நிறுவனத்தின் ஏர்பஸ் ஏ320 என்றால், அது இங்கே நிற்கப்போவது சுமார் அரைமணி நேரம். அதற்குள் சுமார் 180 பேர் இறங்கி, அதே அளவு பேர் ஏறியாக வேண்டும். வயிற்றுப் பக்கம் பெட்டிகள் இறங்குகின்றன. எரிபொருள் வண்டி இறக்கையடியில் குழாயை மாட்டுகிறது. தரையிறங்கும் முன்பே பணிப்பெண்கள் பையோடு வந்து காலி கப்புகளை வாங்கிப் போகிறார்களே, அது வெறும் உபசாரம் இல்லை. கீழே துப்புரவுக்கு ஆகும் நேரத்தை மேலேயே மிச்சம் பிடிக்கிறார்கள். பயணிகள் உள்ளே இருக்கும்போதே எரிபொருள் நிரப்பினால், “சீட் பெல்ட் போட வேண்டாம்” என்று அறிவிப்பார்கள். தீ என்று யாராவது கத்தினால் அவிழ்க்க நேரம் போகக் கூடாது, அவ்வளவுதான்.

இத்தனை அவசரத்திலும் அவசரப்படாத ஓர் ஆள் உண்டு. விமானிகளில் ஒருவர் ஒளிரும் மேல்சட்டையோடு இறங்கி விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வருவார். என்ஜின் விசிறியில் பறவை மோதிய தடம் உண்டா, டயரில் வெட்டு உண்டா என்று பார்ப்பார். சக்கரத்தருகே விரல்நுனி அளவில் ஒரு சிறு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். பிரேக் தேயத் தேய அது உள்வாங்கும். பிரேக்குக்கு ஆயுள் எவ்வளவு பாக்கி என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம். பிரேக்கின் சூடும் ஒரு கணக்கு. 300 டிகிரிக்குக் கீழே இறங்காமல் ஏ320 மறுபடி புறப்படக் கூடாது. அதற்காகவே சில விமானங்களில் சக்கரத்துக்குள் மின்விசிறி வைத்திருக்கிறார்கள்.

ஏன் இந்தப் பறப்பு? பறக்கும்போது மட்டும்தான் விமானம் சம்பாதிக்கிறது. நிற்கும்போது வாடகை ஓடுகிறது. ஆமாம், வாடகை. வாலில் யார் பெயர் எழுதியிருந்தாலும், இந்திய நிறுவனங்களின் விமானங்களில் பெரும்பாலானவை குத்தகைக்கு எடுத்தவை. ஏறும்போது கதவுச் சட்டத்தைக் கவனியுங்கள். சில விமானங்களில் சொந்தக்காரர் யார் என்று ஒரு சின்ன உலோகத் தகடு சொல்லும். அது அயர்லாந்து முகவரியாக இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். 1975-இல் டோனி ரயன் என்பவர் அங்கே ஷானன் நகரில் கூட்டாளிகளோடு தொடங்கிய தொழில் இது. ‘ரயன்ஏர்’ விமான நிறுவனத்துக்கும் அவர் பெயர்தான். வாடகை நின்றால் என்ன ஆகும் என்பதை நாம் 2023-இல் பார்த்தோம். கோ ஃபர்ஸ்ட் நிறுவனம் மே மாதம் திவால் மனு கொடுத்தது. சொந்தக்காரர்கள் விமானங்களைக் கேட்டு நீதிமன்றம் ஏறினார்கள். மறு ஆண்டு, 54 விமானங்களின் பதிவை ரத்து செய்யச் சொன்னது டெல்லி உயர்நீதிமன்றம்.

நிறுத்தும் நேரத்தைக் குறைத்தே பிழைத்த கதையும் உண்டு. 1972-இல் அமெரிக்காவின் டெக்சாஸில் சவுத்வெஸ்ட் என்ற சின்ன நிறுவனம் கைச்செலவுக்கே திண்டாடி, தன் நான்கு போயிங் 737-களில் ஒன்றை விற்றுவிட்டது. கால அட்டவணையை மட்டும் குறைக்கவில்லை. நான்கு விமானங்கள் செய்த வேலையை மூன்று செய்ய வேண்டும் என்றால், ஒவ்வோர் ஊரிலும் பத்தே நிமிடத்தில் கிளம்பியாக வேண்டும். கிளம்பிக் காட்டினார்கள். இன்று நாம் ஏறும் குறைந்த கட்டண விமானங்கள் எல்லாம் ஒருவகையில் அந்தப் பத்து நிமிடத்தின் வாரிசுகள்.

இதில் வசதி நிறுவனத்துக்கு, அவஸ்தை நமக்கு. காலையில் டெல்லியில் பனிமூட்டத்தில் மாட்டிய விமானம்தான் மாலையில் நமக்கு மதுரை போக வர வேண்டிய விமானமாக இருக்கும். ஒரே நாளில் ஐந்தாறு ஊர் சுற்றும் வண்டிக்கு முதல் ஊரில் சறுக்கினால் கடைசி ஊர் வரை சறுக்கல்தான். ஒருமுறை நான்கு மணி நேரம் உட்கார வைத்தார்கள். “ஆபரேஷனல் காரணம் சார்” என்பதைத் தாண்டி கவுன்ட்டரில் ஒரு வார்த்தை வரவில்லை. பக்கத்தில் இருந்த கல்லூரிப் பையன் கைபேசியில் விமானத்தின் பதிவெண்ணைத் தட்டினான். நம் ஊர் விமானம் எல்லாவற்றுக்கும் ‘விடி’ (VT) என்றுதான் எண் தொடங்கும். “சார், நம்ம ஃப்ளைட் இன்னும் லக்னோலயே நிக்குது.” அந்த ஒரு வரியைச் சொல்ல நிறுவனத்துக்கு ஏன் மனம் வரவில்லை என்பது இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

விமானம் வந்தாலும் விமானி வேண்டும். பணி நேரம் முடிந்துவிட்டால், எத்தனை பேர் காத்திருந்தாலும் அவர் ஓட்ட முடியாது. சட்டம் அப்படி, அது நம் நல்லதுக்குத்தான். விமானிகளின் வார ஓய்வை 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்திய புதிய விதிகளுக்கு ஆட்கணக்கு சரியாக இல்லாமல், 2025 டிசம்பர் முதல் வாரத்தில் இண்டிகோ ஆயிரக்கணக்கான சேவைகளை ரத்து செய்தது. ஆளையும் நேரத்தையும் இழுத்துப் பிடித்துக் கட்டிய கயிறு அது. கொஞ்சமும் தளர்ச்சி வைக்கவில்லை.

இன்னொரு சின்னக் கேள்விக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். தூத்துக்குடி போகும் ஏடிஆர் போன்ற சிறு விமானத்தில் முன்வரிசை காலியாகக் கிடந்தாலும் மாறி உட்கார விடமாட்டார்கள். பிகு இல்லை, எடைக் கணக்கு. யார் எங்கே, பெட்டி எங்கே, எரிபொருள் எவ்வளவு என்று போட்ட சீட்டு ஏற்கெனவே விமானி கைக்குப் போயிருக்கும். நம்மைத் தராசில் நிறுத்துவதில்லை. ஆளுக்கு இவ்வளவு என்று சராசரி எடைதான். அந்தச் சராசரி சரியா என்று பார்க்க, 2024-இல் ஹெல்சின்கி விமான நிலையத்தில் விருப்பப்பட்ட பயணிகளை ஃபின்ஏர் எடைபோட்டுப் பார்த்தது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கதவு சாத்தியாகிவிட்டது. கட்டையை எடுத்தாயிற்று. இழுவை வண்டி விமானத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு விலகுகிறது. முன்சக்கரத்தில் செருகியிருந்த ஊசியைப் பிடுங்கிய தரைப் பொறியாளர், அதில் தொங்கும் சிவப்பு நாடா விமானிக்குத் தெரியும்படி கையை உயர்த்திக் காட்டுகிறார். மேலே கண்ணாடிக்குள் ஒரு கை அசைகிறது. இவர் நெற்றியை ஒரு தரம் துடைத்துக்கொண்டு பக்கத்து நிறுத்தத்தை நோக்கி நடக்கிறார். அங்கே அடுத்தது வந்துகொண்டிருக்கிறது.