பிக்கப் போன டர்போ

2004-இல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் இந்தியாவுக்கு வந்தபோது, இங்கே டர்போ பெட்ரோல் கார் என்பதே அபூர்வம். 1.8 லிட்டர் எஞ்சின், சிலிண்டருக்கு 5 வால்வு, 150 குதிரைத்திறன். பார்வைக்குக் குடும்ப கார். மிதித்தால் குணம் மாறும். இன்று அதை செகண்ட் ஹேண்டில் வாங்கி ஆசையாக வைத்திருப்பவர் ஒர்க்‌ஷாப்பில் வந்து சொல்வது இது: "பிக்கப் இல்ல, ஐடிலிங்ல நடுங்குது, பெட்ரோலா குடிக்குது."

உடனே பிளக் மாறும், ஆக்ஸிஜன் சென்சார் மாறும், பெட்ரோல் பம்ப்பும் மாறும். பில் ஏறும், நடுக்கம் போகாது.

ஒரு கிலோ பெட்ரோல் சரியாக எரிய சுமார் 14.7 கிலோ காற்று வேண்டும். ஏர் ஃபில்டரைத் தாண்டியதும் இருக்கும் மாஃப் சென்சார் காற்றை அளக்கிறது. அதற்கேற்ற பெட்ரோலை எஞ்சினின் கணினியான ஈசியூ இன்ஜெக்டர் வழியாக விடுகிறது. கணக்கு சரிதானா என்று புகைக்குழாயில் இருக்கும் ஆக்ஸிஜன் சென்சார் சொல்ல, ஈசியூ கூட்டிக் குறைத்துக்கொள்கிறது. இந்தத் திருத்தத்துக்குப் பெயர் ஃப்யூயல் டிரிம். ஓபிடி சாக்கெட்டில் ஸ்கேனரை மாட்டினால் சதவீதமாகவே தெரியும்.

இனி விஷயத்துக்கு வருவோம். எஞ்சினுக்குள் காற்று போகும் வழியான இன்டேக் மேனிஃபோல்டில் மாட்டியிருக்கும் ரப்பர் ஹோஸ்கள் இருபது வருடச் சூட்டில் விறைத்துப்போயிருக்கும். விரலால் மடக்கினால் பிளந்துகொள்ளும். ஐடிலிங்கில் மேனிஃபோல்டுக்குள் வெற்றிடம் உண்டு. அதனால் மாஃப் சென்சார் பார்க்காத காற்று விரிசல் வழியே உள்ளே புகும். கலவை மெலியும், டிரிம் பிளஸ் பக்கம் ஏறும். ஆக்ஸிலரேட்டரை மிதித்து டர்போ அழுத்தம் ஏறியதும் கதை தலைகீழ். ஏற்கெனவே அளந்து கணக்கில் சேர்த்த காற்று அதே விரிசல் வழியே வெளியே போய்விடும். இல்லாத காற்றுக்கு ஈசியூ பெட்ரோல் விடும். கறுப்புப் புகை வரும், இழுவை இருக்காது. ஒரே ஓட்டைதான்: நின்றால் பட்டினி, ஓடினால் அஜீரணம். இதில் வேடிக்கை, உண்மையைச் சொன்ன ஆக்ஸிஜன் சென்சாரைத்தான் முதலில் கழற்றி எறிகிறோம். புகை விட்டுப் பார்க்கும் ஸ்மோக் டெஸ்ட் செய்தால் ஓட்டை எங்கே என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

ஐடிலிங்கில் டிரிம் ஒழுங்காக இருந்து, மேட்டில் ஏறும்போது மட்டும் பிளஸ் கூடுகிறதா? அப்போது பெட்ரோல் வரத்தைச் சந்தேகிக்கலாம். பம்ப் டேங்குக்குள் பெட்ரோலில் மூழ்கியே இருக்கிறது. அதைக் குளிர்விப்பதும் பெட்ரோல்தான். எந்நேரமும் ரிசர்வில் ஓட்டுபவர் பம்ப்பின் ஆயுளைக் குறைக்கிறார். ஆனால் அழுக்கேறிய மாஃப் சென்சாரும் ஸ்கேனரில் இதே எண்ணைத்தான் காட்டும். இரண்டையும் பிரித்துச் சொல்ல பிரஷர் கேஜ் வேண்டும். அதை மாட்டி, வண்டியை மிதித்து ஓட்டும்போது அழுத்தம் இறங்காவிட்டால் பம்ப்பைக் குறை சொல்ல முடியாது.

2023 முதல் பங்க்குகளில் வரத் தொடங்கிய, எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இந்தக் கணக்கைக் கொஞ்சம் குழப்புகிறது. எத்தனாலுக்குள்ளேயே ஆக்ஸிஜன் இருப்பதால், சுத்தப் பெட்ரோலைவிடச் சுமார் 7 சதவீதம் கூடுதலாக இ20-ஐ விட வேண்டும். வண்டியில் ஒரு குறையும் இல்லாவிட்டாலும் டிரிம் அந்த அளவுக்கு ஏறித்தான் நிற்கும். பழைய டேங்கில் படிந்த பிசினையும் எத்தனால் கரைத்துக் கிளப்பிவிடும். அது போய்ச் சேருமிடம் ஃபில்டர்.

எனவே அழுத்தம் இறங்கினாலும் முதலில் ஃபில்டரை மாற்றிப் பார்க்கலாம். அடுத்து, எஞ்சின் ஓடும்போதே பம்ப்புக்குப் போகும் வயரில் மல்டிமீட்டரை வைக்க வேண்டும். பேட்டரியில் 13.5 வோல்ட் இருக்க, பம்ப்புக்கு 10 வோல்ட்தான் போகிறது என்றால் ரிலேயின் காண்டாக்ட் கருகியிருக்கலாம், எர்த் துருப்பிடித்திருக்கலாம். ரிலேயைப் பிடுங்கி மாற்ற ஐந்து நிமிடம் போதும். பம்ப்பை எடுக்கப் பின் சீட்டையே தூக்க வேண்டும்.